நாலு இழுப்பு

அந்த வகுப்பில் எல்லோருக்கும் அவள் சித்தி. உண்மையில் ஒருத்திக்குத்தான் சித்தி, மற்றவர்களுக்கு வெறும் சக மாணவி. கடலியல் படிப்பின் களப்பாடத்துக்காக முதல் தடவை பல்கலைக்கழகப் பேருந்தில் ஏறியபோது, கடைசி சீட்டில் தோழிகளோடு சிரித்துக்கொண்டிருந்த அக்கா மகள் அவளைப் பார்த்துவிட்டு, வாய் தவறி, "ஐயோ, சித்தி!" என்று அலறிவிட்டாள். அன்றோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் பழக்கதோஷத்தில், "பாப்பா, பின் சீட்டுல உக்காராதே, தூக்கிப் போடும்" என்று சொல்லிவைக்க, பத்தொன்பது வயதுப் பெண் அந்த நிமிடமே ஊருக்கெல்லாம் பாப்பாவாகிப்போனாள். அந்தக் கோபம் பாப்பாவுக்கு ரொம்ப நாள் ஆறவில்லை.

சித்தி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிற வேலை பார்த்தவள். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் மாலை வகுப்பில் சேர்ந்தாள். கடல் மேல் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். "மீன் வாங்கிட்டு வான்னு அனுப்பினா, செவுளைத் திறந்து பாத்துக்கிட்டே அரை மணி நேரம் நிப்பா. கடைக்காரன் எனக்கு ஃபோன் பண்ணி, உங்க வீட்டம்மா என்ன டாக்டரான்னு கேக்கிறான்" என்று சித்தப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். படிக்கப் போகிறேன் என்றபோது தடுக்காததும் அவர்தான். மாலை வகுப்பையும் பகல் வகுப்பையும் களப்பாடத்துக்கு மட்டும் ஒன்றாகச் சேர்ப்பார்கள் என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது பாப்பாவின் அம்மாவுக்கு மட்டும் பரம நிம்மதி. "நல்லதாப் போச்சு. நீ அவளைப் பாத்துக்கோ" என்று தங்கையிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டாள்.

மாதம் ஒரு முறை, இரண்டு நாள், கடலோரத்துக் கள நிலையத்தில் பாடம். பேருந்து ஒரு டயர் கடையையும் வலைக்கடைகளையும் தாண்டி, தெரு முடிகிற இடத்தில் இறக்கிவிடும். ஒரு காலத்தில் மீன் பதப்படுத்துகிற கூடமாக இருந்த கட்டடம் அது. கீழே கடல்நீர்த் தொட்டிகள், நுண்ணோக்கிகள், எந்நேரமும் ஈரமாகவே இருக்கும் சிமெண்டுத் தரை. மாடியில் இரண்டு அறைகளில் அடுக்குக் கட்டில்கள். எங்கே கை வைத்தாலும் உப்புப் பிசுபிசுக்கும். பின்கதவைத் திறந்தால் கப்பல் அணைகிற பழைய ஜெட்டி, கான்கிரீட் தூண்கள் மேல் மரப்பலகை போட்டது, கடலுக்குள் நீண்டு கிடக்கும். கப்பல் ஏதும் வராமல் கைவிடப்பட்ட அந்த ஜெட்டிதான் அவர்களுடைய பாடப்புத்தகம். தூண்களில் கல் போல ஒட்டும் கொட்டலசும் மட்டியும் கடற்பஞ்சுமாக உயிர்கள் அடை அடையாக அப்பியிருக்கும். எந்த ஆழத்தில் எது ஒட்டுகிறது, எது எதைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் வேலை.

அங்கே தண்ணீர் கலங்கல். விளக்கில்லாமல் நீட்டிய கை தெரியாது. அதனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் முங்குவார்கள், இடுப்புப் பட்டையில் கயிற்றின் கொக்கியை மாட்டிக்கொண்டு. கயிற்றின் இந்த முனையை மேலே ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். காது சரியில்லை, முங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் சித்திக்கு எப்போதும் கயிறுதான்.

டைவிங் மாஸ்டர் அவளைவிடப் பெரியவர், மீசையெல்லாம் நரைத்தவர். அவரும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளே கயிற்றுப் பாஷையைச் சொல்லிக் கொடுத்தார். "ஒரு இழுப்புன்னா, நல்லா இருக்கியான்னு அர்த்தம். பதிலுக்கு ஒரு இழுப்பு வந்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு இழுப்பு, கயிறு விடு. நாலு இழுப்பு, என்னைத் தூக்கு."

"மூணு?" என்றாள் சித்தி.

"மூணு கிடையாது. பயத்துல எண்ணிக்கை குழம்பும். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நீங்க முழிச்சா, கீழ இருக்கிறவன் கதை முடிஞ்சிடும். நாலு வந்தா யாரு, என்ன, ஏன்னெல்லாம் யோசிக்கக் கூடாது சித்தி. தூக்கணும், அவ்வளவுதான்."

சித்தி அதைச் சிரத்தையாகப் பிடித்துக்கொண்டாள். ரொம்பச் சிரத்தையாக. பாப்பா கீழே போனால் போதும், நிமிடத்துக்கு ஒரு தரம் இழுப்பாள். பாப்பா கீழே ஒரு கையில் விளக்கும் இன்னொரு கையில் உயிர்களை எண்ணுகிற அளவுச் சட்டமுமாகத் தடுமாறிக்கொண்டே பதிலுக்கு வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுப்பாள். அந்த வெடுக்கில் எரிச்சல் அப்படியே கயிறு வழியாக ஏறி வரும். மேலே வந்ததும் சண்டை. "வேலை பாக்க விடுங்க சித்தி! எல்லாரும் கிண்டல் பண்றாங்க. சித்தி கால் பண்றாங்க, எடு எடுங்கிறாங்க."

"உங்கம்மாவுக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

"அப்ப அம்மாவையே கயிறு பிடிக்கச் சொல்லுங்க!"

இப்படியே நாலைந்து மாதம் போயிற்று.

அன்றைக்குக் காற்றே இல்லை. வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல மங்கலாக மூடியிருந்தது. கடலில் ஒரு சுருக்கம்கூடக் கிடையாது. ஜெட்டியின் கோடியிலிருந்த தூணில் பாப்பாவின் முறை. மற்ற மாணவர்கள் கூடத்துக்குள் நுண்ணோக்கிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியை அவர்களோடு இருந்தார். ஜெட்டியில் சித்தியும், அவசரத்துக்கு இறங்கத் தயாராக உடை மாட்டிக்கொண்ட மாஸ்டரும் மட்டும்.

பாப்பா இறங்கினாள். கயிறு கொஞ்சம் கொஞ்சமாக ஓடி, நின்றது. சித்தி வழக்கம்போல் ஒரு இழுப்பு இழுத்தாள்.

பதில் வந்தது. வெடுக்கென்று இல்லை. மெதுவாக, நிதானமாக, தூங்குகிறவர் கையை யாரோ தொட்டுப் பார்ப்பது போல.

சித்திக்கு ஆச்சரியம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இழுத்தாள். மறுபடி அதே மிருதுவான பதில். அப்புறம் அவள் இழுக்காமலே கீழிருந்து ஒரு இழுப்பு வந்தது. நல்லா இருக்கியா? இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடப் பாப்பா அவளைக் கேட்டதில்லை. சித்திக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. ஒரு இழுப்பு இழுத்து, நல்லா இருக்கேன் என்றாள். பிறகு கீழிருந்து இரண்டு வந்தது. கயிறு விட்டாள். இன்னும் இரண்டு. இன்னும் விட்டாள்.

"இன்னைக்கு என் பொண்ணு நல்ல மூடுல இருக்கா மாஸ்டர். திட்டாம பதில் சொல்றா."

"ஆழமாப் போறாளே" என்றார் மாஸ்டர், கயிற்றைப் பார்த்து. "தூணுக்கடியில அவ்வளவு ஆழம் கிடையாதே. சுத்தி வர்றாளோ என்னவோ."

மறுபடி ஒரு இழுப்பு. சித்தி பதில் சொன்னாள். கொஞ்ச நேரம் இப்படியே போனது, கேட்பதும் சொல்வதுமாக. கயிற்றைப் பிடித்திருந்த உள்ளங்கை ஜில்லென்று ஆகிக்கொண்டு வந்ததை அவள் பொருட்படுத்தவில்லை. நனைந்த கயிறு ஜில்லென்றுதானே இருக்கும் என்று நினைத்தாள். அவள் கையிலிருந்த பகுதி நனையவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"யாருக்கு இழுத்துக்கிட்டு இருக்கீங்க சித்தி?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தாள். பாப்பா நின்றிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, முகமூடியை நெற்றிக்கு ஏற்றி, அளவுச் சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. ஜெட்டியின் மறுபக்கத்து ஏணி வழியாக ஏறி வந்திருக்கிறாள்.

சித்தி கயிற்றையும் பாப்பாவின் இடுப்புப் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். மாஸ்டர்தான் கேட்டார். "கயிறு எங்கே?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். "தூண்ல ஒரு இரும்புக் கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு. இறங்கின உடனே அதுல மாட்டிட்டேன். தப்புதான். சும்மா சும்மா இழுத்தா நான் எப்படி எண்றது? போட்டோ எடுத்தேன், எண்ணினேன், மேல வந்துட்டேன்."

மாஸ்டர் அவளைக் கண்டபடி திட்டியிருக்க வேண்டும். கயிற்றைக் கழற்றினால் அன்றோடு முங்குவதற்குத் தடை என்பது சட்டம். ஆனால் அவர் சித்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிறு ஒரு முறை இழுபட்டது.

"அலை" என்றாள் பாப்பா.

"எங்கே அலை?" என்றார் மாஸ்டர்.

மூன்று பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். கண்ணாடித் தகடு மாதிரி கிடந்தது. ஜெட்டியின் பலகை இடுக்குகள்கூட அதில் கோடு கோடாகத் தெரிந்தன.

பாப்பாதான் ஓடிப்போய்ப் பேராசிரியையை அழைத்து வந்தாள். அவர் முதலில் கேட்டது, எல்லோரும் மேலே இருக்கிறார்களா என்பதைத்தான். உள்ளே போய்த் தலை எண்ணிவிட்டு வந்தார். எல்லோரும் இருந்தார்கள். மீன்பிடிப்பவர்கள் யாராவது, வேறு முங்குகிறவர்கள் யாராவது? சுற்றுவட்டாரத்தில் ஒரு படகு இல்லை. பேராசிரியை கறாரான மனுஷி. எதையும் அளந்து பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார். "கொடுங்க இங்கே" என்று கயிற்றை வாங்கி, தாறுமாறான இடைவெளியில் ஒரு இழுப்பு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று இழுத்தார். ஒவ்வொன்றுக்கும் அதே கணக்கில் பதில் வந்தது. அவருடைய முகம் மாறியதைச் சித்தி பார்த்தாள். அவர் கயிற்றைத் திருப்பிக் கொடுத்த வேகம், சூடுபட்டவர் பாத்திரத்தைக் கீழே வைக்கிற வேகம்.

"இங்க யாராவது எப்பவாவது..." என்று ஆரம்பித்தார்.

மாஸ்டருக்குப் புரிந்தது. "இல்ல மேடம். எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் இல்ல. இந்த ஜெட்டி கட்டினப்ப எங்கப்பா வேலை பாத்தாரு. ஒரு ஆளுக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்ல. அப்படி ஏதாவது நடந்திருந்தா எனக்கே மனசுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும். இதான்னு சொல்லிக்கலாம்."

அப்போதுதான் அது வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நான்கு.

யாரும் அசையவில்லை.

மறுபடி நான்கு. முன்னைவிட அவசரமாக.

"விட்டுடுங்க" என்றார் பேராசிரியை. "கயிறு போனா போகட்டும்."

"விடுங்க சித்தி!" பாப்பா கத்தினாள். "கீழ யாரும் இல்ல! நான்தான் கீழ போனேன், நான் இங்க நிக்கிறேன்!"

சித்தி பிற்பாடு சித்தப்பாவிடம் சொன்னாள். அந்த நிமிடம் தைரியம் வந்து ஒன்றும் செய்யவில்லையாம். முழுக்கப் பயம்தானாம். ஆனால் அதற்கு முன்னால் அத்தனை நேரம் நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் என்று அவளோடு பேசிக்கொண்டிருந்தது, அன்பாகப் பேசிக்கொண்டிருந்தது, அதுதானே. இப்போது தூக்கு என்று கேட்கிறது. கேட்ட பிறகு எப்படி விடுவது?

காலைப் பலகைக்கு முட்டுக்கொடுத்து அவள் இழுக்க ஆரம்பித்தாள்.

கனம் இருந்தது. கம்பியில் மாட்டிய கயிறு இம்மிகூட அசைந்திருக்கக் கூடாது. இது வந்தது. ஓர் ஆளின் கனம் என்றால் அவளுக்குத் தெரியும், பாப்பாவைப் பல தடவை இழுத்திருக்கிறாள். அவளால் தனியாக முடியவில்லை என்று கண்டதும் மாஸ்டர் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தார். தோளோடு தோள் இடிக்க இருவரும் இழுத்தார்கள். கயிறு வளையம் வளையமாகப் பலகை மேல் விழுந்தது. தண்ணீருக்கடியில் தூணை ஒட்டி ஏதோ உரசுகிற சத்தம், தேங்காய் துருவுவது போல, பலகை வழியாகக் கால்களுக்கு ஏறியது. தூணைச் சுற்றிலும் உடைந்த ஓடுகளும் பஞ்சுத் துணுக்குகளும் மேலே மிதந்து வந்தன.

கறுப்பாக இருந்த தண்ணீர் பச்சையாக மாறுகிற ஆழம் ஒன்று உண்டு, வெளிச்சம் எட்டுகிற இடம். கயிறு அங்கே வரைக்கும் வந்து நின்றது. எவ்வளவு இழுத்தும் அதற்கு மேல் வரவில்லை. பேராசிரியை குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்றார், ஆனால் கொஞ்சம் தாமதித்துத்தான் சொன்னார்.

பிறகு கீழிருந்து ஒரே ஒரு இழுப்பு. நல்லா இருக்கேன்.

கனம் சட்டென்று விட்டுப்போயிற்று. சித்தியும் மாஸ்டரும் மல்லாக்க விழுந்தார்கள். கயிற்றின் முனை துள்ளி வந்து பலகையில் மோதியது. கொக்கி மூடியிருந்தது. கம்பியில் மாட்டினால் விரலால் அழுத்தித் திறந்தால்தான் கழலும் கொக்கி அது.

அன்று பிற்பகல் யாரையும் தண்ணீரில் இறங்கவிடவில்லை. இரவு அக்கா ஃபோன் செய்தாள். "பாப்பாவைப் பாத்துக்கிறியா?" என்றாள் வழக்கம்போல். "பாத்துக்கிறேன்க்கா" என்றாள் சித்தி. மேல் கட்டிலில் படுத்திருந்த பாப்பா கையைக் கீழே தொங்கவிட்டாள். சித்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சிறுபிள்ளையில் சித்தி வீட்டுக்கு வந்து தங்கும்போது பாப்பா அப்படித்தான் தூங்குவாள்.

அடுத்த மாதம் வந்ததும் மாஸ்டரே முதலில் இறங்கிப் பார்த்தார். ஏறி வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு, குடித்த பிறகுதான் சொன்னார். தூணில் ஒரு பக்கம் வழித்தெடுத்திருக்கிறதாம். கடல்தரையிலிருந்து மேல்நோக்கி, ஒரு பட்டை போல, கொட்டலசு, பஞ்சு எதுவுமில்லாமல் வெறும் கான்கிரீட். அகலம் ஒரு தோள் அளவு. பச்சைத் தண்ணீர் தொடங்குகிற இடத்தில் முடிந்திருக்கிறது.

"கயிறு உரசியிருக்கும்" என்றார் பேராசிரியை.

"விரல் தடிமன் கயிறு மேடம் அது."

பேராசிரியை கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு, பயத்துக்கு அவருக்குத் தெரிந்த ஒரே மருந்தைக் கையிலெடுத்தார். "சரி. வெறும் இடம் கிடைச்சிருக்கு. அதுல என்னென்ன உயிர் எந்த வரிசையில திரும்ப ஒட்டுதுன்னு பாக்கணும். நல்ல பாடம். யார் எடுத்துக்கிறீங்க?"

வகுப்பு மொத்தமும் தரையைப் பார்த்தது. சித்தி கையைத் தூக்கினாள். முங்கக் கூடாதவள் அதை எப்படிச் செய்வாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"போட்டோ நான் எடுக்கிறேன்" என்றாள் பாப்பா. மாஸ்டர் கூடவே இறங்குவார் என்ற நிபந்தனையில் அவள் மேலிருந்த தடையை விலக்கினார்கள். கயிற்றை இனி செத்தாலும் கழற்றுவதில்லை என்று பாப்பா சித்தியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

இப்படியாகச் சித்திக்கும் பாப்பாவுக்கும் ஒரே வேலை ஆயிற்று. பாப்பா படம் எடுப்பாள். சித்தி கூடத்தில் உட்கார்ந்து படங்களைப் பெரிதாக்கி, கண்ணாடிக் கடையில் பழகிய கண்ணோடு ஒவ்வொரு புள்ளியையும் இனம் பிரிப்பாள். முதல் மாதம் எல்லாம் பாடத்தில் சொன்னபடிதான் நடந்தது. பட்டையின் அடியில் வழவழப்பான படலம் படிந்தது. அதன் மேல் கடுகளவு கொட்டலசுகள் வந்து உட்கார்ந்தன. பேராசிரியைக்குப் பரம திருப்தி.

இரண்டாம் மாதம் சித்தி ஒரு படத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பாப்பாவைக் கூப்பிட்டாள்.

"இந்தப் பட்டையோட மேல்முனை எங்க இருந்தது, ஞாபகம் இருக்கா?"

"பெரிய மட்டிக் கொத்துக்குக் கீழ."

"அந்தக் கொத்து எங்கே?"

பாப்பா பார்த்தாள். கொத்து இல்லை. அது இருந்த இடம் வெறுமையாக இருந்தது, அதற்கு மேலும் ஒரு முழம் வெறுமையாக இருந்தது. அடிப்பக்கம் உயிர்கள் மூடிக்கொண்டே வர, மேல்பக்கம் பட்டை ஏறிக்கொண்டே போகிறது. நடுவில் மிஞ்சியிருந்த வெற்றிடம் ஓர் ஆள் உயரம். போன மாதப் படத்தை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். அதிலும் ஓர் ஆள் உயரம்தான், கொஞ்சம் கீழே தள்ளி.

"மேடம்கிட்ட சொல்லலாமா?" என்றாள் பாப்பா.

சொன்னார்கள். பேராசிரியை படங்களைப் பார்த்துவிட்டு, மீன் ஏதாவது மேய்ந்திருக்கும் என்றார். சரியான காரணம்தான், மேய்கிற மீன்கள் உண்டுதான். ஆனால் அதன் பிறகு அவர் ஜெட்டியின் கோடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். பாடத்தை முதல் இரண்டு தூண்களோடு முடித்துக்கொண்டார்.

பட்டை மாதாமாதம் ஏறியது. பாப்பா அதன் முன்னால் போய் நின்று படமெடுப்பாள். பயமாக இல்லையா என்று சித்தி கேட்டபோது சொன்னாள்: "பயம்னு சொல்ல முடியல சித்தி. யாரோ தூங்கிற அறைக்குள்ள போற மாதிரி இருக்கு. சத்தம் போடக் கூடாதுன்னு தோணுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் விளக்கு வெளிச்சம் அந்த இடத்துல மட்டும் தூண்மேல விழ மாட்டேங்குது. கொஞ்சம் முன்னாடியே நின்னுடுது" என்றாள்.

அதற்கு மேல் அவளை இறங்க வேண்டாம் என்று சித்தி சொல்லிவிட்டாள். பாப்பா மறுத்துப் பேசவில்லை. நல்லவேளை, இனி இறங்கவும் தேவை இருக்கவில்லை. கடைசி மாதம் அவர்கள் வந்தபோது பட்டை தண்ணீர்மட்டத்துக்கு மேலேயே வந்திருந்தது.

அன்று மாலை கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. வெயில் இன்னும் தணியவில்லை. மற்றவர்கள் கடைசி நாள் கொண்டாட்டத்துக்காகக் கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப்போட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தியும் பாப்பாவும் ஜெட்டியின் கோடிக்குப் போய்க் குப்புறப் படுத்து, பலகை விளிம்பு வழியாக எட்டிப் பார்த்தார்கள். தூண் இடுப்பளவுக்கு வெளியே தெரிந்தது. சுற்றிலும் கறுத்த பாசி. ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிறத்தில் சுத்தமாக, இப்போதுதான் பூசியது போல. அதன் மேல்முனை பலகைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

சித்தி கயிற்றை எடுத்து வந்திருந்தாள். பாப்பா எதற்கென்று கேட்கவில்லை. கொக்கியைப் பலகை இடுக்கு வழியாக மெல்லக் கீழே இறக்கினாள். அது தூணின் பக்கத்தில், தண்ணீரைத் தொடாமல், காற்றில் தொங்கி லேசாக ஆடியது. ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்துவிட்டு ஒரு இழுப்பு இழுத்தாள்.

கூடத்திலிருந்து யாரோ சிரிக்கிற சத்தம் வந்தது.

வெறும் காற்றில் தொங்கிய கயிறு கீழிருந்து விறைத்தது. ஒரு இழுப்பு. மெதுவாக, நிதானமாக.

பாப்பா சித்தியின் தோளை நகம் பதியப் பற்றினாள். பிறகு, தானே கையை நீட்டிச் சித்தியின் கைக்கு மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நாலு வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வந்தால் தூக்குவது என்று பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் இருவருக்கும் அது தெரிந்தே இருந்தது. வெயில் இறங்கியது. கடல் ஏறத் தொடங்கியது. நாலு வரவில்லை.

"கேக்க மாட்டேங்குதே" என்றாள் பாப்பா, அழாத குறையாக.

"இனிமே தூக்க வேண்டாம் போல."

மாஸ்டர் கூப்பிட்டார். கயிற்றை உருவி எடுக்கச் சித்திக்கு மனம் வரவில்லை. மேல்முனையை ஜெட்டியின் இரும்புக் கம்பத்தில் கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, தொங்கவிட்டபடியே வந்துவிட்டாள்.

காலையில் மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு எல்லோரும் பேருந்துக்குக் காத்திருந்தபோது, பாப்பாவும் சித்தியும் மட்டும் கோடிக்குப் போனார்கள். கம்பத்தில் முடிச்சு அப்படியே இருந்தது. ஆனால் கயிறு இடுக்கு வழியாகத் தொங்கவில்லை. மேலே எடுத்து, வளையம் வளையமாகச் சுற்றி, கொக்கியை நடுவில் வைத்து, பலகை மேல் அழகாக அடுக்கப்பட்டிருந்தது. தொட்டுப் பார்த்தார்கள். நனைந்து சொதசொதவென்று இருந்தது. சுற்றியிருந்த பலகைகளோ காய்ந்து கிடந்தன. மாஸ்டரைக் கேட்டார்கள். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். விடிந்ததிலிருந்து ஜெட்டிப் பக்கம் யாரும் போகவில்லை என்றார். பிறகு அவரும் கயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து, காரணமில்லாமல் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சித்திக்கு முதலில் தோன்றியது பயமில்லை. வீட்டுக்கு யாரோ வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று போய்விட்டால் மனசு அடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி இருந்தது. பயம் அப்புறம்தான் வந்தது, பாப்பா கேட்ட பிறகு.

"எந்தப் பக்கம் போயிருக்கும் சித்தி?"

ஜெட்டிக்குப் போகிற வழி ஒன்றுதான். பின்கதவு, கூடம், அங்கிருந்து தெரு. பின்கதவு விரியத் திறந்திருந்தது. கூடத்தைத் தாண்டி, எதிரே தெருவில், வலைக்கடைக்காரர் கடை திறந்துகொண்டிருந்தார். டயர் கடை வாசலில் யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றார்கள். பேருந்து வந்து நின்று ஹாரன் அடித்தது. முதலில் ஏறுகிறவர்கள் ஏறி, ஜன்னலோரத்தில் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தி, பாப்பாவின் கையை ஒரு முறை இழுத்தாள். பாப்பா பதிலுக்கு ஒரு முறை இழுத்தாள். இரண்டு பேரும் பேருந்தை நோக்கி நடந்தார்கள்.